வளவுக்கு மேலே இருக்கும் வானம்: பொழுதுபோக்கு ட்ரோன்கள் குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இந்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் மற்றும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்; சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகங்கள் மற்றும் காவல்துறை.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். காரைக்குடியை அடுத்த ஊர் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் 570 கிராம் எடையுள்ள ட்ரோன் ஒன்று இருக்கிறது. சென்னையில் ஒரு கடையில் 2019இல் வரி கட்டி வாங்கியது. விற்பனைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்ததால், 100 ரூபாய் கட்டணம் செலுத்தி அதற்குரிய தனி அடையாள எண்ணையும் பெற்றுவிட்டேன். திருமணத்துக்கோ திருவிழாவுக்கோ அதை வாடகைக்கு விடுவதில்லை. கண்மாய் நிறையும்போதும் வற்றும்போதும் ஒரே இடத்திலிருந்து படம் எடுத்துவைப்பதும், எங்கள் பூர்விக வீட்டின் நாட்டு ஓடுகளை மயில்கள் எங்கே கலைத்துப் போட்டிருக்கின்றன என்று மழைக்கு முன்னால் பார்த்துக்கொள்வதும்தான் எனக்கும் அதற்கும் உள்ள வேலை. இரண்டு கட்டு வீட்டின் கூரை மேல் ஆள் ஏறினால் நான்கு ஓடு சரிசெய்யப் போய் நாற்பது ஓடு உடையும் என்பது இந்தப் பக்கத்தில் வீடு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும்.

சென்ற பங்குனியில் ஒரு மாலை, வற்றிக் கிடந்த கண்மாய்ப் பொட்டலில், என்னுடைய பழைய மாணவர்கள் இருவரோடு அதைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன். அருகில் வீடு இல்லை, சாலை இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஒருவரைத் தவிர ஆளும் இல்லை. நாற்பது மீட்டர் உயரத்தில் அது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இருசக்கர வண்டியில் வந்த காவலர் ஒருவர், "பெர்மிஷன் இருக்கா சார்?" என்று கேட்டார். கைப்பேசியில் பதிவு எண்ணைக் காட்டினேன். "இது கருவிக்குச் சார், பறக்கவிட பெர்மிஷன் எங்கே?" என்றார். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை, மரியாதையாகவே பேசினார். காவல் நிலையத்தில் ஆட்சியர் அலுவலகக் கடிதம் வேண்டும் என்றார்கள். ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேசினால், அப்படி ஒரு கடிதம் தாங்கள் கொடுப்பதில்லை, விமான நிலையத்தில் கேளுங்கள் என்று பதில் வந்தது. எந்த விமான நிலையம்? மதுரையும் திருச்சியும் எங்களுக்கு ஏறத்தாழ ஒரே தொலைவு. இரண்டுக்கும் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, 'இனிமேல் ட்ரோன் பறக்கவிட மாட்டேன்' என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கருவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். இருட்டிவிட்டது, பையன்களின் வீட்டில் தேடுவார்கள்.

என் பக்கம் சட்டம் என்ன சொல்கிறது என்பதை வீட்டுக்கு வந்துதான் நிதானமாகப் படித்தேன். 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள் கருவிகளை எடையால் பிரிக்கின்றன: 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. நானோ ட்ரோனுக்கும், வணிக நோக்கமில்லாத மைக்ரோ ட்ரோனுக்கும், இயக்குபவர் பயிற்சி பெற்று வாங்கும் ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரிக்கப்பட்டு, அதன் வரைபடம் அதே ஆண்டு செப்டம்பரில் வெளியானது. பச்சைப் பகுதியில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி எதுவும் வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் அந்த உயரம் 200 அடியாகக் குறைகிறது. மஞ்சளில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடமும் சிவப்பில் மத்திய அரசிடமும் அனுமதி பெற வேண்டும். நான் நின்ற பொட்டல் பச்சையில் இருந்தது. புறப்படும் முன் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆக, என்னிடம் கேட்கப்பட்ட 'பெர்மிஷன்' என்ற பொருளே உலகத்தில் இல்லை. இல்லாத ஒன்றைக் கொண்டுவரச் சொன்னால் எந்தக் குடிமகனாலும் கொண்டுவர முடியாது.

நான் உங்கள் முன் வைக்க விரும்பும் குறை இதுதான். இந்த நாட்டின் ட்ரோன் விதிகள் கடுமையானவை என்று நான் சொல்ல வரவில்லை. முன்பு 25 ஆக இருந்த படிவங்களை 5 ஆகவும், 72 வகையாக இருந்த கட்டணங்களை 4 ஆகவும் குறைத்த விதிகள் அவை. அதுவும், அதே ஆண்டு ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படை நிலையத்தின் மீது ட்ரோன் வழியாகக் குண்டு போடப்பட்ட இரண்டே மாதங்களில், அச்சத்தைக் காரணம் காட்டிக் கதவை அடைக்காமல் எழுதப்பட்டவை. அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் புதுதில்லியில் கொடுக்கப்பட்ட சுதந்திரம் எங்கள் ஊர்க் காவல் நிலையத்தின் வாசல்படி வரை வந்து சேரவில்லை. சட்டம் 'போகலாம்' என்கிறது. தெரு 'யாரைக் கேட்டு?' என்கிறது. நடுவில் நிற்பவன் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறான்.

காவல்துறையின் அச்சத்தில் பொருள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2025 மே மாதம் எல்லையில் ட்ரோன்கள் கூட்டம் கூட்டமாக வந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தொலைவிலிருந்து பார்க்கும் காவலருக்கு என்னுடைய 570 கிராமும் வேறொருவனின் கெட்ட எண்ணமும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். குருபூஜை நாட்களிலும், தலைவர்கள் வரும் நாட்களிலும், தேரோட்டத்தின்போதும் வானத்தை மூட வேண்டிய தேவை இருக்கும். அதற்கும் விதியில் வழி இருக்கிறது: காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, குறிப்பிட்ட இடத்தை, குறிப்பிட்ட காலத்துக்குத் தற்காலிகச் சிவப்புப் பகுதியாக, ட்ரோன்களுக்கான அரசின் இணையதளமான டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வழியாகவே அறிவிக்கலாம். அப்படி அறிவித்தால், பறக்கவிடும் முன் வரைபடத்தைப் பார்க்கும் எவருக்கும் தெரிந்துவிடும். எங்கள் பக்கத்தில் நான் கண்டவரை, தடை நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரியாக வருகிறது. எங்கிருந்து எங்கே வரை, எப்போது முடிகிறது என்பது அதில் இருப்பதில்லை. கேட்டால், 'மாவட்டம் முழுக்க' என்று வாய்மொழியாகச் சொல்லிவிடுகிறார்கள். மாவட்டக் காவல்துறைக்கு என் வேண்டுகோள்: தடை விதிக்கும்போது அந்தத் தளத்தில் விதியுங்கள். அப்போது அதை மீறியவனைத் தண்டிப்பதும் உங்களுக்கு எளிதாகும்.

அமைச்சகத்திடம் கேட்க வேண்டியது வேறு. விதிகளின் சாரம் தமிழில், ஒரே ஒரு தாளில், இந்த இரு மாவட்டங்களின் ஒவ்வொரு காவல் நிலையத்துச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். என்ன எடை, என்ன உயரம், எந்த நிறம், எதற்குச் சான்றிதழ் வேண்டும், எதற்கு வேண்டாம், வரைபடத்தை எங்கே பார்ப்பது என்பவை போதும். வாகனப் பதிவுச் சான்றை ஒரு பார்வையில் சரிபார்த்துவிடும் காவலருக்கு இது பெரிய வேலை இல்லை. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் எல்லோரும் கட்டணமில்லாத இணையத் தேர்வு ஒன்றை எழுதி, அதன் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட கருவிக்கு மூன்றாண்டுக்கு 5 டாலர் பதிவுக் கட்டணம். அந்தத் தேர்வு போன்ற ஒன்றை இந்திய மொழிகளில் வைத்தால் என்ன? சான்றிதழ் வேண்டாம் என்று விலக்கு பெற்ற என்னைப் போன்றவர்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது. சாலையில் தலைக்கவசம் போடுபவனுக்கே வண்டி ஓட்டத் தெரியும் என்று சொல்ல முடியாது; ஆனால் விதி தெரியும் என்பதற்கு ஒரு தாள் கையில் இருந்தால், காவலரிடம் என் பேச்சு வேறு மாதிரி தொடங்கியிருக்கும்.

இனி, என்னைவிடப் பாவப்பட்டவர்கள். அன்று என்னுடன் இருந்த மாணவர்களில் ஒருவனுக்கு அவனுடைய தாய்மாமன் சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒரு சிறிய ட்ரோனைக் கொண்டுவந்து கொடுத்தார். செட்டிநாட்டில் இது புதுமை இல்லை. பர்மாவிலிருந்து தேக்கும் ஐரோப்பாவிலிருந்து கண்ணாடியும் வந்த ஊர் இது. கப்பலேறிப் போனவர்கள் திரும்பி வரும்போது பெட்டியில் ஏதாவது ஒன்று வராமல் இருந்ததில்லை. அந்தப் பையனிடம் சுங்கச் சீட்டு இல்லை, இங்கே வரி கட்டிய விற்பனைச் சீட்டும் இல்லை. 2020 ஜனவரியில், தம்மிடமுள்ள ட்ரோன்களைத் தாமே முன்வந்து தெரிவிக்கும்படி அமைச்சகம் கேட்டது. 2021 விதிகளிலும் அதுவரை நாட்டில் இருந்த கருவிகளைப் பதிவு செய்ய ஒரு காலவரம்பு இருந்தது. பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அதெல்லாம் எப்படித் தெரிந்திருக்கும்? 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியே தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புத் தேவைக்கும் மட்டும் விலக்கு. உள்நாட்டுத் தொழில் வளர வேண்டும் என்ற நோக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தடைக்கு முன்பே வந்துவிட்டவை நாடெங்கும் அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் பதிவு செய்ய விரும்பினாலும் வழி இல்லை. வழி இல்லாததால் இரவிலும் தோப்புக்குள்ளும் ஒளித்துப் பறக்கவிடுகிறார்கள். கணக்கில் வராத கருவிதான் ஆபத்தானது என்றால், அதைக் கணக்கில் கொண்டுவர மீண்டும் ஒரு வாய்ப்புக் கொடுப்பதுதானே காவலுக்கு நல்லது? ஆறு மாத அவகாசம், ஆதார் எண், கருவியின் வரிசை எண், ஒரு உறுதிமொழி, வேண்டுமானால் கூடுதல் கட்டணம். இவ்வளவு போதும்.

அதே மாணவன் ஒரு கேள்வி கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தான் எடுக்கும் காணொளியை யூடியூபில் போட்டு, அதற்கு மாதம் நூறோ இருநூறோ வந்தால், அவன் செய்வது பொழுதுபோக்கா, வணிகமா? வணிகம் என்றால் 18 வயது நிறைந்து, பயிற்சி நிறுவனத்தில் படித்து, சான்றிதழ் வாங்கியாக வேண்டும். எங்கள் பக்கத்துத் திருமணங்களில் 'ஹெலிகேம்' வைத்திருப்பவர்களில் எத்தனை பேரிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை, உங்களுக்கும் தெரியும். மண்டபத்துக்குள் மாலை மாற்றும் நேரத்தில் தலைக்கு மேல் ஆறடியில் சுற்றும் விசிறிகளைப் பார்த்துப் பயந்து தலையைக் குனிந்துகொள்ளும் பெரியவர்களை ஒவ்வொரு முகூர்த்தத்திலும் பார்க்கிறேன். ஆளில்லாத பொட்டலில் நின்றவனை மூன்று மணி நேரம் உட்காரவைத்த அமைப்பு, ஐந்நூறு பேர் கூடிய பந்தலில் அதைக் கண்டும் காணாமல் போகிறது. வணிகம் என்பதன் எல்லையைத் தெளிவாக எழுதினால் இரண்டுக்கும் தீர்வு கிடைக்கும்.

இதுவரை உரிமை கேட்டேன். இப்போது எங்கள் மீது ஒரு கட்டுப்பாட்டைக் கேட்கிறேன். ட்ரோன் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம்.

செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே விளங்கும். தெருவிலிருந்து வருபவனுக்குத் திண்ணை, தெரிந்தவனுக்கு முகப்பு, உறவினனுக்கு வளவு என்னும் உள்முற்றம், அதற்கும் பின்னால் பெண்கள் புழங்கும் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. யார் எதுவரை வரலாம் என்பதைக் கதவுகளும் நிலைகளும் சொல்லிவிடும். அந்த ஏற்பாடு முழுவதும் ஆள் தரையில் நடந்து வருவான் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. வளவோ வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. அங்கேதான் வத்தல் காய்கிறது, அங்கேதான் ஆச்சி தலை குளித்துவிட்டு முடி உலர்த்த உட்காருகிறார். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கங்களில் வீடு பார்க்க வருபவர்கள் பெருகிவிட்ட இந்நாளில், திண்ணையைக்கூடத் தாண்டாத ஒருவர் தெருவில் நின்றபடியே வளவுக்குள் இறங்கிவிட முடிகிறது. எங்கள் தெருவில் ஒரு நாள் அது நடந்தது. சத்தம் கேட்டு நிமிர்ந்த என் அம்மா, கையிலிருந்த முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார். தொண்ணூறு வயதுக்காரர். தன் வீட்டுக்குள் அவர் ஒளிந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்போதுள்ள விதிகளின்படி அந்த ட்ரோனின் எடை சரி, உயரம் சரி, வானத்தின் நிறமும் பச்சை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, பெண் ஒருவர் தனிமையில் செய்யும் செயலை ஒளிந்து பார்ப்பதையும் படமெடுப்பதையும் குற்றமாக்குகிறது. ஆனால் வத்தல் பிழிவது அந்தச் சட்டத்தின் பொருளில் அப்படிப்பட்ட செயலாகுமா என்று வழக்கறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கலாம். அவ்வளவு பெரிய வழக்கு எதற்கு? குடியிருக்கும் வீட்டின் மேல், அந்தக் கூரையிலிருந்து இத்தனை மீட்டர் உயரத்துக்குக் குறைவாக, வீட்டில் இருப்பவரின் இசைவின்றிப் பறக்கவிடக் கூடாது என்று ஒரு வரி எழுதினால் போதும். ஒரு வீட்டுக்கு முப்பது பங்காளிகள் இருக்கும் எங்கள் ஊரில் யாருடைய இசைவு என்று கேலியாகக் கேட்பார்கள். பட்டாவில் பெயர் இருப்பவரை அல்ல, அங்கே குடியிருப்பவரை, அல்லது சாவி வைத்திருப்பவரைக் கேட்டால் போதும் என்பது என் கருத்து. 2025 செப்டம்பரில் அமைச்சகம் கருத்துக் கேட்டு வெளியிட்ட சிவில் ட்ரோன் மசோதா வரைவு எந்த வடிவில் சட்டமானாலும், அந்த ஒரு வரிக்கு அதில் இடம் இருக்க வேண்டும்.

கட்டுப்பாடு என்றாலே சனங்கள் மீறுவார்கள் என்று நினைப்பவர்கள் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிக்கு வந்து பார்க்கலாம். கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுகுடிப்பட்டியிலும் வேட்டங்குடியிலும் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. எந்த உரிமத்தை ரத்து செய்வோம் என்று மிரட்டியும் அது வரவில்லை. எதற்காக என்பது ஊருக்குப் புரிந்திருந்தது. அந்தக் கண்மாய் பக்கம் நானும் ட்ரோனை எடுத்துக்கொண்டு போனதில்லை. சிராவயல் மஞ்சுவிரட்டுத் திடலின் மேலும், மாடு மிரளும் என்பதால், விட மாட்டேன். இவை எந்த வரைபடத்திலும் சிவப்பாகக் காட்டப்பட வேண்டியதில்லை. ஆனால் உள்ளூர் வழக்கம் தெரியாமல் வெளியூரிலிருந்து வருபவருக்கு, பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பலகையாவது இருக்கலாம்.

மாவட்ட நிர்வாகத்துக்கு இன்னொன்று. பையன்கள் கற்றுக்கொள்ள ஓர் இடம் கொடுங்கள். செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. ஜூபிடர் ஏர்வேஸ் என்று சொந்தமாக விமான நிறுவனமே நடத்திய அழகப்பச் செட்டியார் பிறந்த கோட்டையூரும் இங்கேதான் இருக்கிறது. அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகம், அவர் கொடுத்த நிலத்தில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அதில் மின்கலத்தை ஆராய்பவர்கள். ட்ரோனின் உயிரே மின்கலத்தில்தான் இருக்கிறது. இத்தனையும் இருக்கும் ஊரில், உதிரிபாகங்களை வாங்கித் தானே பூட்டிய ஒரு சின்னஞ்சிறு கருவியை மேலே எழுப்பிப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பொட்டலை ஒதுக்கித்தர முடியாதா? கல்விக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் கண்பார்வைக்குள் பறக்கும் மாதிரி வானூர்திக்கு, கருவியின் வடிவமைப்புக்கு அரசு தரும் வகைச் சான்றிதழ்கூடத் தேவையில்லை என்று உங்கள் விதியே சொல்கிறது. ஒரு வருகைப் பதிவேடு, ஒரு முதலுதவிப் பெட்டி, பொறுப்புக்கு ஓர் ஆசிரியர் போதும். ஊதியமில்லாமல் அந்தப் பொறுப்பை ஏற்க நான் அணியமாக இருக்கிறேன்.

கடைசியாக என் சொந்த வேண்டுகோள் ஒன்று. 'இனிமேல் பறக்கவிட மாட்டேன்' என்று நான் எழுதிக்கொடுத்த தாள் இன்னும் அந்த நிலையத்தில் எங்கோ ஒரு கோப்பில் இருக்கும். அதை எந்த விதியின் எந்தப் பிரிவின்படி வாங்கினார்கள் என்பதை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு மாவட்டக் காவல்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒரு பிரிவு இல்லையென்றால் அந்தத் தாளைத் திருப்பித் தர வேண்டுகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரையைப் பார்த்தாக வேண்டும். வடக்கு மூலையில் மயில்கள் மறுபடி இறங்கியிருக்கின்றன.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.